செருப்பில் தொடங்கும் மரியாதை: கினோசாகி ரியோகான் தங்கல், ஒரு விமர்சனம்

ஜப்பானில் ரியோகான் என்னும் மரபு விடுதியில் ஓர் இரவாவது தங்கிப் பார்க்க ஆசை. ஆனால் தெரியாமல் எதையாவது செய்து அங்கிருப்பவர்கள் மனம் கோண வைத்துவிடுவோமோ என்ற பயம். இந்த இரண்டும் ஒருசேர இருப்பவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்லும் ஊர் கினோசாகி ஒன்சென். ஹியோகோ மாகாணத்தில், தோயோஓகா நகரத்துக்குள் அடங்கிய சின்ன வெந்நீர் ஊற்று ஊர். கியோட்டோவிலிருந்து இந்த ஊரின் பெயரையே தாங்கிய விரைவு ரயிலில் ஏறினால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். ஒசாகாவிலிருந்து கொஞ்சம் கூடுதல்.

இங்கே நாங்கள் எடைபோடுவது ஒரு தனி விடுதியை அல்ல. இந்த ஊர் ரியோகான்கள் வழக்கமாகத் தரும் ‘இப்பாக்கு நிஷோக்கு’, அதாவது ஓர் இரவுத் தங்கல், இரவும் காலையும் சாப்பாடு, அதோடு ஊரின் பொதுக் குளியல் இல்லங்களுக்குப் போய்வரும் அனுமதி என்ற முழுத் தொகுப்பை. ருசி, அழகு, வசதி எல்லாம் பிறகு. வெளிநாட்டிலிருந்து வரும் ஒருவர் யாரையும் புண்படுத்தாமல் தங்கிப் போக இந்தச் சேவை எவ்வளவு கைகொடுக்கிறது, எங்கே கைவிடுகிறது என்பதே எங்கள் அளவுகோல்.

அந்த அளவுகோலில் கினோசாகி மிக நன்றாகத் தேறுகிறது. ஊர் முழுவதும் ஒரே ரியோகான் என்று இங்கே சொல்வார்கள். ரயில் நிலையம் வாசல், தெரு நடைகூடம், விடுதிகள் அறைகள், பொதுக் குளியல் இல்லங்கள் குளியலறை. வில்லோ மரங்கள் நிற்கும் ஓதானி ஆற்றங்கரையில், மாலையானால் எல்லாரும் யுகாத்தா என்னும் மெல்லிய பருத்தி உடை உடுத்தி, மரக் கெத்தா செருப்பு சத்தமிட நடக்கிறார்கள். புதியவர் யாரைப் பார்த்துக் கற்றுக்கொள்வது என்று தேட வேண்டாம். முன்னே போகிறவரைப் பார்த்தாலே போதும். அதைவிட முக்கியம், இங்கே பெரும்பாலான விதிகளைக் கட்டடமே சொல்லிவிடுகிறது. தரை ஒரு படி உயர்ந்தால் ஒரு விதி, தரை மரத்திலிருந்து பாயாக மாறினால் இன்னொரு விதி, துண்டின் அளவு ஒரு விதி. கட்டடம் சொல்லாத இடங்களில்தான், குறிப்பாகச் சாப்பாட்டிலும் நேரத்திலும், வருகிறவர்கள் சறுக்குகிறார்கள்.

பதிவு செய்யும்போதே முடிக்க வேண்டியவை

கட்டணம் அறைக்கு அல்ல, தலைக்கு. இதைக் கவனிக்காமல் பதிவு செய்துவிட்டு, வரவேற்பு மேசையில் நின்று வாதாடுவது இரு தரப்புக்கும் சங்கடம். இருவேளைச் சாப்பாட்டோடு நடுத்தர விடுதியில் தலைக்கு 20,000 யென் அளவில் தொடங்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நவம்பர் 6 முதல் மார்ச் 20 வரை மாத்சுபா நண்டுக் காலம். அப்போது விலை இருமடங்கு ஆனாலும் வியப்பில்லை. இதற்கு மேல் குளியல் வரி என்று தலைக்கு ஒரு சிறு தொகை, பல இடங்களில் ரொக்கமாகக் கேட்பார்கள். சில்லறை வைத்திருங்கள்.

அறைக்குள் அனுமதிப்பது பொதுவாகப் பிற்பகல் 3 மணிக்கு. இரவுச் சாப்பாடு 6 மணி, 6:30 என்று நேரம் குறித்துவிடுவார்கள். இந்த நேரத்தை நம் ஊர்க் கல்யாண அழைப்பிதழின் நேரம் போல எடுத்துக்கொள்ளக் கூடாது. பத்துப் பன்னிரண்டு சின்னப் பதார்த்தங்கள், ஒவ்வொன்றும் சூடாகவோ குளிராகவோ அதனதன் நிமிடத்தில் அறைக்கு வர வேண்டும் என்று சமையல்காரர் கணக்குப் போட்டிருப்பார். அரை மணி நேரம் தாமதித்தால் பொரித்தது நமத்துப்போகும், பச்சை மீன் துண்டுகள் வாடிப்போகும். யாரும் முகத்துக்கு நேரே எதுவும் சொல்ல மாட்டார்கள், அதனால்தான் விருந்தினருக்குத் தெரியாமலே இந்தத் தப்பு நடக்கிறது. ரயில் தவறினால் உடனே தொலைபேசியில் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் வராமல் இருப்பது இருப்பதிலேயே பெரிய அவமரியாதை. அதே நாளில் ரத்து செய்தால் முழுக் கட்டணமும் கேட்பது வழக்கம், அதில் நியாயமும் இருக்கிறது. நண்டு அன்றைக்கென்று வாங்கியது.

இப்போது சைவம். இந்தச் சேவையின் பலவீனமான இடம் இதுதான், மழுப்பாமல் சொல்லிவிடுகிறோம். ரியோகான் சமையலின் அடித்தளம் ‘தாஷி’ என்னும் சாறு. உலர்த்திய போனிட்டோ மீனைச் சீவி, கொம்பு என்னும் கடற்பாசியோடு வெந்நீரில் ஊறவைத்து எடுப்பது. மிசோ என்னும் சோயா விழுதில் செய்யும் சூப்பில் தாஷி, வேகவைத்த காய்கறியில் தாஷி, முட்டைச் சுருளில் தாஷி, பல இடங்களில் கீரைமேல் ஊற்றும் சாற்றிலும் தாஷி. ‘நான் வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால், மாமிசத்தை எடுத்துவிட்டு மீனை வைப்பார்கள். அல்லது மீன் துண்டை எடுத்துவிட்டு மீன் சாறு ஊறிய காய்கறியை வைப்பார்கள். அது ஏமாற்று அல்ல, அவர்கள் கணக்கில் அது காய்கறிதான். ஆகவே பதிவு செய்யும்போதே எழுத வேண்டியது இது: ‘நிக்கு, சகானா, கத்சுவோ தாஷி மோ தபெராரெமாசென்.’ இறைச்சி, மீன், போனிட்டோ தாஷி எதுவும் சாப்பிட முடியாது என்று பொருள். முட்டை உண்டா இல்லையா என்பதையும் தனியாக எழுதுங்கள். முட்டைக்கு ‘தமாகோ’, பாலுக்கு ‘கியூநியூ’.

இதை ஒரு வாரம் முன்னதாகவே அனுப்பி, முடியும் என்று பதில் வந்த பிறகுதான் பணம் கட்ட வேண்டும். மேசையில் தட்டு வந்த பிறகு ‘இது வேண்டாம், வேறு கொடுங்கள்’ என்று கேட்பதை ஹோட்டலில் ஏற்பார்கள், ரியோகானில் அது சமையல்காரரைத் தலைகுனிய வைக்கும். மாற்றிக் கொடுக்க அடுக்களையில் பெரும்பாலும் எதுவும் இருக்காது. பல விடுதிகள் முடியாது என்றே பதில் போடும். அந்தப் பதில் மரியாதையான பதில், வற்புறுத்த வேண்டாம். ‘சுதோமாரி’ என்று சாப்பாடு இல்லாத தங்கல் இருக்கிறதா என்று கேட்டு, குளியலை மட்டும் அனுபவிக்கலாம். சுத்த சைவச் சாப்பாட்டோடுதான் மரபு விடுதி வேண்டும் என்பவர்களுக்கு கினோசாகியை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம். வாகாயாமா மாகாணத்தில் கோயாசான் மலை இருக்கிறது. அங்கே கோயில்களிலேயே தங்கலாம், அங்கு தரும் ‘ஷோஜின் ரியோரி’ மரபுப்படி மீன், இறைச்சி மட்டுமல்ல, வெங்காயம், பூண்டும் சேராத சமையல். எள் தோஃபுவும் உறையவைத்து உலர்த்திய கோயா தோஃபுவும் அங்கே பிரமாதம்.

முட்டி வலி உள்ள பெரியவர்கள் கூட வருகிறார்களா? தரைப் படுக்கைக்குப் பதில் கட்டில் உள்ள அறை, சாப்பிட நாற்காலி மேசை, மின்தூக்கி உண்டா என்பதை இதே கடிதத்தில் கேட்டுவிடுங்கள். பழைய மரக் கட்டடங்களில் மாடிப்படிதான் இருக்கும்.

வாசல்: நமக்கே உரிய ஒரு தப்பு

வாசலில் செருப்பைக் கழற்றுவது தமிழர்களுக்குப் புதிதல்ல, அதனாலேயே இந்த இடத்தில் அசட்டையாக இருந்துவிடுகிறோம். நம் வழக்கம், செருப்பை வெளியே விட்டுவிட்டு வெறுங்காலோடு இரண்டு எட்டு வைத்து உள்ளே போவது. ஜப்பானிய வாசலான ‘கென்கான்’ அப்படி அமைந்ததல்ல. அங்கே தாழ்ந்த தரை ஒன்று, ஒரு படி உயரத்தில் மரத்தரை ஒன்று. தாழ்ந்த தரை தெருவோடு சேர்ந்தது, அதாவது அழுக்கு. அதில் ஷூ மட்டும்தான் படலாம். வெறுங்காலையோ சாக்ஸையோ அங்கே வைத்துவிட்டு மேலே ஏறினால், தெரு அழுக்கை வீட்டுக்குள் கொண்டுவந்ததாகிவிடும். சரியான முறை: மரத்தரையின் விளிம்பை ஒட்டி நின்று, ஒரு காலை ஷூவிலிருந்து உருவி, அந்தக் கால் கீழே படாமல் நேரே மேலே. பிறகு மற்ற கால். ஷூவைத் திருப்பி அடுக்குவதை ஊழியர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாடா கட்டும் ஷூவைவிட எளிதில் கழலும் ஷூ இந்தப் பயணத்துக்கு ஏற்றது. செருப்பில் வருபவர்கள் பையில் ஒரு ஜோடி சுத்தமான சாக்ஸ் வைத்திருந்து, ஏறியதும் போட்டுக்கொள்வது நல்ல பழக்கம்.

நடைகூடத்தில் வீட்டுச் செருப்பு தருவார்கள். அறை வாசலில் அதையும் கழற்றிவிட வேண்டும். தத்தாமி பாய்மேல் வெறுங்கால் அல்லது சாக்ஸ் மட்டும். பெட்டியின் சக்கரத்தைத் தத்தாமிமேல் உருட்டக் கூடாது. இகுசா நாணலால் பின்னிய மேற்பரப்பு, சக்கரம் போனால் இழை நசுங்கித் தடம் பதிந்துவிடும். தூக்கிக்கொண்டு போய், மரப்பலகை உள்ள இடத்தில் வையுங்கள். சுவரோரம் சற்று உயர்ந்த மாடம் ஒன்று, தொங்கும் ஓவியச் சுருளோடும் பூச்சாடியோடும் இருக்கும். அது ‘தோகோனோமா’. பெட்டி வைக்க வாகாகத் தெரியும், அங்கே மட்டும் வைக்காதீர்கள். பூஜை மாடத்தில் பெட்டி வைத்தால் நமக்கு எப்படி இருக்குமோ, ஏறக்குறைய அப்படி.

கழிப்பறைக்கென்று தனிச் செருப்பு. அதை மாட்டிக்கொண்டே வெளியே வந்து தத்தாமிமேல் நடப்பது வெளிநாட்டவர் மிக அதிகமாகச் செய்யும் தவறு. வெளியே வரும்போது செருப்பை, அடுத்தவர் நேரே கால் நுழைக்கும்படி உள்நோக்கித் திருப்பி விட்டுவிட்டால், அதைப் பார்த்ததும் ஊழியர்கள் முகம் மலரும். நீர் பீய்ச்சும் இருக்கை பெரும்பாலும் இருக்கும், ஆனால் தரை நனைக்கிற தரை அல்ல.

அறையில் தேநீரும் ஓர் இனிப்பும் வைத்திருப்பார்கள். அது வெறும் உபசாரம் இல்லை. பயணக் களைப்போடு வெறும் வயிற்றில் சூடான நீரில் இறங்கினால் தலை சுற்றும், அதற்காகத்தான். சாப்பிட்டுவிட்டே போங்கள்.

யுகாத்தா

நெஞ்சில் எது மேலே வர வேண்டும் என்பது ஒன்றுதான் இதில் தவறவே கூடாதது. வலப்பக்கத் துணியை முதலில் உடம்போடு ஒட்டி இடது இடுப்புக்குக் கொண்டுபோங்கள். அதன்மேல் இடப்பக்கத் துணி. நம் வலக்கை கழுத்துக்குக் கீழே நேராக உள்ளே நுழைய முடிந்தால் சரியாக உடுத்தியிருக்கிறோம். மாற்றிக் கட்டினால் அது இறந்தவருக்கு உடுத்துகிற முறை. ஆண் பெண் எல்லாருக்கும் ஒரே விதி. ஆண்கள் ஓபி கச்சையை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் கட்டுவார்கள், பெண்கள் இடை உயரத்தில். நீளம் கணுக்காலைத் தொட்டால் போதும், தரை பெருக்கினால் சின்ன அளவு கேளுங்கள். உள்ளே உள்ளாடை போடுவது வழக்கமே. குளிர்காலத்தில் மேலே ஒரு அங்கி தருவார்கள்.

கினோசாகியில் இந்த உடையோடு தெருவில், கடையில் எங்கும் போகலாம், அதுதான் இந்த ஊரின் அழகு. ஆனால் இதே பழக்கத்தில் நகரத்து ஹோட்டலில் தரும் யுகாத்தாவோடு வரவேற்பறைக்கு இறங்கிவிடாதீர்கள், அங்கே அது இரவு உடை. கெத்தாவில் விடுதியின் பெயர் இருக்கும், குளியல் இல்ல வாசலில் நூறு ஜோடி இருந்தாலும் உங்களுடையதைக் கண்டுபிடிக்க அதுவே அடையாளம். பனி உறைந்த நாளில் கெத்தா வழுக்கும், தயங்காமல் பூட்ஸ் கேளுங்கள். விடுதியை விட்டுக் கிளம்பும்போது யுகாத்தாவும் பெரிய துண்டும் அங்கேயே. விடுதிப் பெயர் அச்சிட்ட உறையில் வந்த மெல்லிய துண்டும் பல்துலக்கியும் பொதுவாக உங்களுக்கே.

குளியல்

இந்த ஊருக்கு 1,300 ஆண்டு வரலாறு. தோச்சி என்ற துறவி ஆயிரம் நாள் வேண்டி, 720இல் மந்தாரா-யு ஊற்று பிறந்தது என்பது ஊர் மரபு. காலில் அடிபட்ட நாரை ஒன்று நனைந்து குணமான இடம் கோ-நோ-யு என்று இன்னொரு கதை. இவற்றோடு கோஷோ-நோ-யு, இச்சி-நோ-யு, யனாகி-யு, ஜிசோ-யு, சாத்தோ-நோ-யு என்று ‘சொதோயு’ எனப்படும் பொதுக் குளியல் இல்லங்கள் ஏழு. தங்கும் விருந்தினருக்கு விடுதியே அனுமதிச் சீட்டு கொடுத்துவிடும், தனிக் கட்டணம் இல்லை. ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வார விடுமுறை, வெவ்வேறு திறப்பு நேரம். ஏழும் எப்போதும் திறந்திருக்கும் என்று எண்ணாமல், விடுதி மேசையில் அன்றைய பட்டியலைக் கேட்டு வாங்குங்கள்.

விடுதிக்குள்ளே இருக்கும் ‘உச்சியு’ குளியலறை சிறிதாக இருக்கிறதே என்று இணையத்தில் குறைபட்டுக்கொள்பவர்கள் உண்டு. அது கஞ்சத்தனம் அல்ல. 1925 மே 23 நிலநடுக்கத்தில் ஊர் எரிந்து நாசமானது. மீண்டும் கட்டிய பிறகு 1927இல் ஒரு விடுதி தன் கட்டடத்துக்குள்ளேயே ஊற்று நீரைக் கொண்டுவர, ஊர் எதிர்த்து நின்றது. வெந்நீர் எல்லாருக்கும் பொது, உள்ளேயே குளித்துவிட்டால் தெரு செத்துப்போகும் என்ற அச்சம். வழக்கு இழுத்துக்கொண்டே போய் 1950இல்தான் சமரசம் ஆனது. உள்ளே வைக்கலாம், ஆனால் அளவோடு. விருந்தினர் தெருவுக்கு வர வேண்டும் என்பதே நோக்கம். ஆகவே உள் குளியலறையைச் சிறிதென்று குறை சொல்வது, ஊர் கட்டிக்காத்த ஒப்பந்தத்தையே குறை சொல்வதாகும்.

குளியல் இல்ல வாசலில் தொங்கும் திரைச்சீலையைப் பாருங்கள். ஆண் எழுத்து: மேலே நான்கு கட்டம் கொண்ட ஜன்னல், அதன் கீழே வளைந்த ஒரு கால். பெண் எழுத்து: கால்மேல் கால் மடித்து உட்கார்ந்தவர் போல, ஜன்னல் இல்லாமல். நீலம் ஆண், சிவப்பு பெண் என்று நிறத்தை மட்டும் நம்பக் கூடாது, எழுத்தைப் பாருங்கள். விடுதியின் உள் குளியலறைகளில் காலையும் மாலையும் இடத்தை மாற்றுவார்கள். நேற்று ஆண்கள் போன கதவு இன்று பெண்களுடையதாக இருக்கலாம்.

உள்ளே உடையெல்லாம் களைந்துதான் ஆக வேண்டும். நீச்சலுடைக்கோ உள்ளாடைக்கோ இடமில்லை. துணியில் இருக்கும் சோப்பும் சாயமும் நீரில் கலக்கும் என்பது காரணம். இது நம்மில் பலருக்குப் பெரிய தடை, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘காஷிகிரி’ என்று 40, 50 நிமிடத்துக்குத் தனியாக அமர்த்திக்கொள்ளும் குளியலறை பல விடுதிகளில் உண்டு. வந்திறங்கியதுமே நேரத்தைக் குறித்துவிடுங்கள், மாலை நேரம் சீக்கிரம் தீர்ந்துபோகும். மாதவிலக்கு நாட்களில் பொதுத் தொட்டியைத் தவிர்த்து அறைக் குளியலையே பயன்படுத்துவது வழக்கம். டயப்பர் கட்டும் குழந்தைகளைப் பொதுத் தொட்டியில் இறக்கக் கூடாது. ஏழு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளை எதிர்ப்பாலர் பக்கம் அழைத்துப்போகக் கூடாது என்பது 2020 இறுதியில் அரசு மாற்றிய வழிகாட்டுதல். பச்சை குத்தியவர்களை ஜப்பானில் பல ஒன்சென்கள், அதாவது வெந்நீர் ஊற்றுக் குளியல் இல்லங்கள், இன்றும் அனுமதிப்பதில்லை. கினோசாகியின் சொதோயுகள் அனுமதிக்கின்றன. இந்த ஊரை நாங்கள் முன்வைக்க இதுவும் ஒரு காரணம். விடுதிக்குள் என்ன விதி என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உடை மாற்றும் அறையில் கூடையில் எல்லாவற்றையும் வையுங்கள். பெரிய துண்டு அங்கேயே, கைபேசி பூட்டறையில். படம் எடுக்காவிட்டாலும் கையில் கைபேசி இருந்தாலே மற்றவர்கள் கலங்குவார்கள். மெல்லிய சின்னத் துண்டு மட்டும் கூட வரும், நடக்கும்போது மறைத்துக்கொள்ளவும் தேய்க்கவும் அதுதான்.

இங்கேதான் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் தலைகீழாகின்றன. ஆற்றிலும் குளத்திலும் இறங்கி, நின்று, தேய்த்து, முங்கி எழுவது நம் குளியல். அங்கே தொட்டிக்கு வெளியே குளித்து முடித்து, சுத்தமான உடம்பை ஊறவைக்கத்தான் தொட்டிக்குள் இறங்குவது. சுவரோரம் வரிசையாகக் குட்டை முக்காலி, வாளி, கைக் குழாய். உட்கார்ந்துதான் குளிக்க வேண்டும். நின்றால் உங்கள் சோப்பு நுரை பக்கத்தில் இருப்பவர் மேலே தெறிக்கும். தலைக்கு எண்ணெய் வைத்திருந்தால் இரண்டு முறை ஷாம்பூ போட்டு அலசுங்கள். நீர்மேல் ஓர் எண்ணெய்ப் படலம் மிதந்தால்கூடத் தொட்டி மொத்தமும் கெட்டது போலத்தான். நுரை முழுதும் போனதும் முக்காலியையும் வாளியையும் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுங்கள். நீண்ட முடியைத் தூக்கிக் கொண்டையாகக் கட்டிக்கொள்ளுங்கள், முடி நீரைத் தொடக் கூடாது.

நீர் 42 டிகிரி சுற்றி இருக்கும். வாளியில் மொண்டு முதலில் கால், பிறகு தோள் என்று ஊற்றிப் பழக்கிவிட்டு, அலை எழாமல் மெல்ல இறங்குங்கள். சின்னத் துண்டை மடித்துத் தலைமேல் வைக்கலாம், கல்லோரம் வைக்கலாம், நீரில் மட்டும் நனைக்கக் கூடாது. நீந்துவதும் முகத்தை முக்குவதும் கூடாது. முதல் முறை ஐந்து நிமிடம் போதும். ஏழையும் ஒரே இரவில் முடித்துவிட வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்கு மூன்றாவதிலேயே தலை கனக்கும், நெஞ்சு படபடக்கும். ‘யுஆதாரி’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது. இரவு இரண்டு, காலை ஒன்று என்பது நல்ல கணக்கு. குகைக் குளியல் உள்ள இச்சி-நோ-யுவும், அருவியைப் பார்த்தபடி திறந்தவெளியில் இருக்கும் கோஷோ-நோ-யுவும் எங்கள் தேர்வு. சாக்கே என்னும் அரிசி மது குடித்த பிறகு இறங்கவே வேண்டாம்.

வெளியே வரும்போது பலரும் மறப்பது ஒன்று உண்டு. உடை மாற்றும் அறைக்குக் கால் வைக்கும் முன்பே சின்னத் துண்டைப் பிழிந்து உடம்பைத் துடைத்துவிட வேண்டும். சொட்டச் சொட்ட அந்த அறைத் தரையில் ஏறினால், அடுத்து சாக்ஸ் போட்டுக்கொண்டு நிற்பவரின் கால் நனையும்.

சாப்பாடும் இரவும்

சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. ஒருவர் சாப்ஸ்டிக்கிலிருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவைக் கைமாற்றுவது, தகனத்துக்குப் பின் எலும்பு பொறுக்கும் சடங்கைப் போன்றது. இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டால் மற்றச் சிறு தவறுகளை யாரும் பெரிதுபடுத்த மாட்டார்கள். பகிர வேண்டுமானால் தட்டில் வைத்துக் கொடுங்கள். சோற்றுக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது அங்கே மரியாதை, குனிந்து வாயைக் கிண்ணத்துக்குக் கொண்டுபோவதுதான் குறை. சூடான ஈரத்துண்டு கைக்கு மட்டும், முகத்துக்கு அல்ல. நண்டைக் கையால் உடைக்கலாம், யாரும் தப்பாக நினைப்பதில்லை. சோறு கடைசியில், மிசோ சூப்போடும் ஊறுகாயோடும்தான் வரும். முதலிலேயே சோறு கேட்டால் கொடுத்துவிடுவார்கள், ஆனால் விருந்தின் வரிசை குலையும். மிச்சத்தைக் கட்டித் தரச் சொல்லாதீர்கள். சுகாதாரக் காரணத்தால் மறுக்க வேண்டிவரும், மறுப்பது அவர்களுக்குத் தர்மசங்கடம்.

சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊழியர் வந்து ஃபுதோன் படுக்கையை விரித்துவிடுவார். காலையில் அதை மடித்து அலமாரியில் அடுக்கி உதவ நினைக்க வேண்டாம். விரிப்புகளை உருவி, ஏதும் விட்டுப்போகிறீர்களா என்றும் அவர்கள் பார்க்க வேண்டும். போர்வையை ஒழுங்காக மடித்து வைத்தால் போதும். சுவர்கள் மெல்லியவை. பத்து மணிக்கு மேல் ஸ்பீக்கரில் வீட்டாரோடு பேசினால் இரண்டு அறைக்கு அப்பாலும் கேட்கும்.

இனாம் எதிர்பார்க்கப்படுவதில்லை, சேவைக் கட்டணம் விலையிலேயே சேர்ந்தது. தலையணைமேல் நோட்டை விட்டுச் சென்றால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து வாசல்வரை ஓடிவந்து கொடுப்பார்கள். தனியாக நிறைய உதவி கேட்டிருந்து, நன்றி சொல்லியே தீர வேண்டும் என்றால், 1,000 முதல் 3,000 யென் வரை ஒரு சின்னக் கவரில் போட்டு, ஊழியர் உங்களை அறைக்கு அழைத்துவந்து விவரம் சொல்லும் நேரத்தில் இரு கையாலும் கொடுங்கள். வெறும் நோட்டாக நீட்டக் கூடாது. வேண்டாம் என்றால் ஒரு முறைக்கு மேல் வற்புறுத்த வேண்டாம். ஊரிலிருந்து கொண்டுபோன இனிப்புப் பெட்டி இதைவிட மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்ளப்படும்.

குறைகள் இருக்கின்றன. வார இறுதியில் தனி ஆளுக்கு அறை கொடுக்கப் பல விடுதிகள் தயங்குகின்றன. இரவு 8 மணிக்கு மேல் பெரிய குளியல் இல்லங்களில் முக்காலிக்கே காத்திருக்க வேண்டியிருக்கிறது. சாப்பாட்டு மாற்றங்கள் பற்றி ஆங்கிலத்தில் தெளிவாகச் சொல்லும் விடுதிப் பக்கங்கள் குறைவு. வழிகாட்டும் படங்கள் ‘செய்யாதே’ என்று சொல்கின்றன, ஏன் என்று சொல்வதில்லை. இவ்வளவு விலை வாங்கும் சேவையில் இதெல்லாம் சரிசெய்யப்பட வேண்டியவை.

காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும். கணக்கு முடிந்து கிளம்பும்போது விடுதித் தலைவி ‘ஒகாமி’யும் ஊழியர்களும் வாசலுக்கு வெளியே வந்து நிற்பார்கள். நீங்கள் தெருமுனை திரும்பும்வரை உள்ளே போக மாட்டார்கள். பெட்டியை உருட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய்விடாமல், முனையில் ஒரு முறை நின்று திரும்பித் தலை வணங்குங்கள். அப்போதும் அவர்கள் அங்கேயே நின்று கையசைத்துக்கொண்டிருப்பார்கள்.